ஆளில்லாத நேரத்தில் தெரமின்: சுருதி கலையாமல் வைத்திருப்பது எப்படி?

காட்சிமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் சிறிய அறிவியல் கூடத்தில் காட்சிப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. சென்ற ஆண்டு இறுதியில் அங்கே தெரமின் என்ற மின்னணு இசைக்கருவி ஒன்றை வைத்தோம். மூக் நிறுவனத்தின் ஈதர்வேவ் வகை. பாகங்களாக வாங்கி நாங்களே பூட்டியது. நிமிர்ந்து நிற்கும் கம்பி சுருதிக்கு, பக்கவாட்டில் படுத்திருக்கும் வளையம் ஒலி அளவுக்கு. தொடாமலேயே வாசிக்கும் கருவி என்பதால் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

காலை ஒன்பதரை மணிக்குக் கூடம் திறந்ததும் நானே சுருதி சேர்க்கிறேன். கருவியை விட்டு நான்கடி தள்ளி நின்றால் ஒலி முற்றிலும் அடங்கியிருக்கும். கை நெருங்க நெருங்க அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறும். பதினோரு மணிக்குள் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. அருகில் ஒருவரும் இல்லாதபோதும் கருவி தானாகவே ‘ஊ’ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. வேறு சில நாள்களில் நேர்மாறாக, கம்பிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கை வந்தால்தான் ஒலியே பிறக்கிறது.

எனக்கு அங்கே வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாள்களில் கருவி தனியாகத்தான் இருக்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா பொறுமையானவர். ஆனாலும் காதுக்கு நேராக ஒன்றரை மணி நேரம் ஒரே சுரத்தில் ஊளை கேட்டுக்கொண்டிருந்தால் யார்தான் தாங்குவார்கள்? பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். மதியம் பள்ளிப் பேருந்து வந்து நின்றதும் மறுபடி செருகுகிறார். அப்போது நிலைமை இன்னும் மோசம்.

நான் இல்லாத நாளிலும் சுருதி நிற்க என்ன செய்யலாம்? கருவியைப் பிரித்து வேலை செய்யத் தயங்கவில்லை. ஆனால் எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்துகொண்டு திருத்த விரும்புகிறேன்.

---

சாலிடர்_புகை எழுதியது:

நீங்கள் எவ்வளவு நுணுக்கமான சமநிலையைக் காப்பாற்ற முயல்கிறீர்கள் என்பதை முதலில் எண்ணில் பார்த்துவிடுவோம். பிறகு கருவியின் மேல் கோபம் குறைந்துவிடும்.

ஈதர்வேவில் சுருதிக்கென்று இரண்டு அலையியற்றிகள், அதாவது மின்னலையை எழுப்பும் சுற்றுகள், உள்ளன. இரண்டும் ஏறத்தாழ 285 கிலோஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஒன்று நிலையானது, மற்றொன்று ஆன்டெனாக் கம்பியோடு இணைந்திருப்பதால், கை நெருங்கும்போது கம்பிக்கும் உடலுக்கும் இடையேயுள்ள மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) கூடி, அதன் அதிர்வெண் சற்று இறங்குகிறது. நம் காதுக்கு வருவது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. கை விலகியிருக்கும்போது இரண்டும் ஒன்றாக இருந்தால் வேறுபாடு சுழி, அதாவது பூச்சியம்; அந்த மௌனத்தைத்தான் நீங்கள் காலையில் குமிழைத் திருகித் தேடுகிறீர்கள்.

இப்போது ஓர் அலையியற்றி மட்டும் பத்து லட்சத்தில் நூறு பங்கு விலகியது என்று வையுங்கள். சாதாரண மின்சுற்றில் யாரும் பொருட்படுத்தாத விலகல் அது. ஆனால் 285 கிலோஹெர்ட்ஸில் அது 28.5 ஹெர்ட்ஸ். 440 ஹெர்ட்ஸில் வாசித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு அரைச்சுரத்தைவிடச் சற்றே அதிகம். 65 ஹெர்ட்ஸில் இருப்பவருக்கோ 93.5 ஆகிவிடும், சட்ஜமத்தில் நின்றவர் பிரதி மத்திமத்தில் போய் நிற்பார். மௌனத்தில் இருந்த கருவி 28.5 ஹெர்ட்ஸில் உறுமத் தொடங்கும். இவ்வளவையும் செய்ய மின்தேக்கம் பத்து லட்சத்தில் இருநூறு பங்கு மாறினால் போதும். பிகோஃபாரட் என்ற அலகில் சொன்னால், சுற்றில் மொத்தம் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் இருந்தால் அதில் 0.02 பிகோஃபாரட்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒலி வளையத்தின் வேலை நாம் எதிர்பார்ப்பதற்கு எதிரானது. கை வளையத்துக்கு அருகில் வந்தால்தான் ஒலி அடங்கும். கையை எடுத்தால் முழு ஒலி. வாசிக்கத் தெரிந்தவருக்கு இது வசதி. ஆனால் யாருமில்லாத கூடத்தில் இதன் பொருள் என்ன? கருவி எப்போதும் முழு ஒலியில்தான் நிற்கிறது. அது சத்தமில்லாமல் இருப்பதற்கு அந்தச் சுழிப்புள்ளி ஒன்றே காரணம். ஆகவே உங்களுக்கு இருப்பது சுருதிச் சிக்கல் மட்டுமல்ல, வரவேற்பு மேசைச் சிக்கலும்கூட.

---

பழைய_வால்வு எழுதியது:

தம்பி, அந்த அக்காவிடம் முதலில் பிளக்கைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். நோய்க்கு மருந்து என்று நினைத்து அவர் செய்வதுதான் நோயை வளர்க்கிறது. இயங்கத் தொடங்கியதும் சுற்று மெல்லச் சூடேறும். சுருளின் ஃபெர்ரைட் உட்கருவும் மின்தேக்கிகளும் அந்தச் சூட்டுக்கு ஏற்ப மதிப்பு மாறும். பெட்டிக்குள் வெப்பம் சமநிலைக்கு வந்த பிறகுதான் விலகல் அடங்கும். மதியம் செருகும் ஒவ்வொரு முறையும் அந்தச் சூடேற்றம் மறுபடி முதலிலிருந்து நடக்கிறது. அதுவும் பிள்ளைகள் எதிரில் நிற்கும்போது.

இது இன்றைக்கு வந்த வழக்கமில்லை. லெவ் தெர்மென் என்ற இயற்பியலாளர் 1920 வாக்கில் ரஷ்யாவின் பெட்ரோகிராதில், வாயுக்களின் மின்காப்புத் தன்மையை அளக்கும் ஒரு கருவியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தன் கையின் அசைவு அளவீட்டைக் கலைப்பதைக் கவனித்துத்தான் இந்த இசைக்கருவிக்கே வந்து சேர்ந்தார். அளவீட்டைக் கெடுத்த அதே உணர்திறன்தான் இங்கே இசையாகிறது என்பதால், அதைக் குறைத்தால் கருவியும் போய்விடும். 1929இல் அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் ஏறத்தாழ 500 தெரமின்களைச் செய்து வீடுகளுக்கு விற்கப் பார்த்தது. யாரும் எளிதில் வாசிக்கலாம் என்பதுதான் விளம்பரம். வால்வு சூடேறும் வரை காத்திருந்து, தன் உடம்பு நிற்கும் இடத்துக்கு ஏற்பச் சுருதி வைக்க வேண்டிய கருவியை ‘எளிது’ என்று விற்றால் என்ன ஆகும்? விற்பனை சரிந்தது. பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் யோசனை: இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் கருவிக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும். அடக்க வேண்டியது ஒலிபெருக்கியை மட்டும். அதற்குத் தனியாக ஒரு சுவிட்சை மேசைக்கு அருகில் வையுங்கள். அக்காவுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

---

தம்புராக்கட்டை எழுதியது:

நான் மின்னணுவியல் படித்தவள் இல்லை, வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன், ஆனால் ஓர் ஐயம். பிள்ளைகள் அங்கே வந்து கீர்த்தனை வாசிக்கப் போவதில்லை. கையை ஆட்டினால் சத்தம் ஏறி இறங்கினால் அவர்களுக்குப் போதும். பிறகு சுருதி எதற்கு? ஏசி அரங்கத்தில் வைத்த தம்புராவே அரை மணியில் கலைந்துவிடுகிறது. நாங்கள் பிருடையைத் திருகிவிட்டுப் பாடிக்கொண்டே இருக்கிறோம்.

---

காட்சிமேசை எழுதியது:

தம்புராக்கட்டை அக்கா கேட்பது நியாயமான கேள்வி. தம்புரா கலைந்தால் நான்கு தந்தியும் ஏறத்தாழ ஒரே பக்கமாக நகர்ந்து, வேறொரு சுருதியில் நிற்கும். ஆனால் ஒலி எப்படியும் இருக்கும். தெரமின் கலைந்தால் நகர்வது சுரம் அல்ல, இடம். மௌனம் எங்கே தொடங்குகிறது, ஒலி எங்கே பிறக்கிறது என்ற அந்த எல்லை கம்பியைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத குடம் போல நிற்கிறது. கலையும்போது குடம் ஊதிப் பெருக்கிறது அல்லது சுருங்குகிறது. சுருங்கிவிட்டால் ஏழு வயதுப் பிள்ளையின் கை அதற்குள் எட்டாது. ‘கெட்டுப்போச்சு’ என்று போய்விடுவார்கள்.

அதைவிடக் குழப்பமான ஒன்றையும் பார்த்தேன். சில நாள் பிற்பகலில் கையைக் கொண்டுபோனால் ஒலி முதலில் இறங்குகிறது. இறங்கி, அடங்கி, பிறகு ஏறுகிறது. ‘கை கிட்டே வந்தால் சுரம் ஏறும்’ என்று நான் பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறேன். பலகையின் கீழேயே கருவி அதைப் பொய்யாக்கிக்கொண்டு நிற்கிறது.

---

சாலிடர்_புகை எழுதியது:

அது சுழிப்புள்ளிக்கு மறுபக்கம் போய்விட்டதன் அடையாளம். கை விலகியிருக்கும்போது ஆன்டெனாப் பக்க அலையியற்றி நிலையானதைவிட உயர்ந்திருக்கிறது; கை நெருங்க அது இறங்கி, முதலில் மற்றதைச் சந்தித்து, பிறகு கடந்து கீழே போகிறது. நீங்கள் காலையில் எந்தப் பக்கத்திலிருந்து சுழியை அணுகுகிறீர்கள் என்பதும் முக்கியம். குமிழைத் திருகிக்கொண்டே சுழியைத் தாண்டி மறுபக்கம் ஒலி பிறக்கும் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, மௌனத்தின் நடுவில் நிறுத்துங்கள். விளிம்பில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வழுக்கிவிடும்.

இரண்டு அலையியற்றிகளும் மிக அருகில் வரும்போது ஒன்றையொன்று இழுத்து ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மேடையில் வாசிப்பவர்களுக்கு அது தொந்தரவு, ஏனென்றால் கீழ்ச்சுரங்கள் விழுங்கப்படும். உங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்த திண்டு. அதன் நடுவில் உட்காருங்கள்.

---

எட்டுக்கால்_சில்லு எழுதியது:

எதற்கு இத்தனை சுற்றுவழி என்று புரியவில்லை. நிலையான அலையியற்றியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வைத்தால் விலகலே இருக்காதே?

---

பழைய_வால்வு எழுதியது:

அப்படிச் செய்தால் இப்போதிருப்பதைவிட மோசமாகும். இரண்டு அலையியற்றிகளையும் ஒரே வகைச் சுருள், ஒரே வகை மின்தேக்கி கொண்டு, ஒரே பலகையில் அடுத்தடுத்து வைத்திருப்பதற்கே காரணம், வெப்பம் ஏறினால் இரண்டும் சேர்ந்தே நகரட்டும், வேறுபாடு அப்படியே இருக்கட்டும் என்பதுதான். ஒரே மாட்டுவண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி. ஒன்றை மரத்தில் கட்டிப்போட்டு மற்றதை மட்டும் நடக்கவிட்டால், நடப்பதன் முழுத் தூரமும் இடைவெளியாக வந்து நிற்கும்.

பொருத்தம் முழுமையாக இராது என்பது உண்மை. ஆன்டெனாவோடு தொடராகக் கோத்திருக்கும் பெரிய சுருள்கள் ஒரு பக்கம் மட்டும் உள்ளன; மறுபக்கத்தில் அதற்கு இணை கிடையாது. வெப்ப விலகலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் அனுபவம். மின்தேக்கியை மாற்றுவதானால் சி0ஜி வகைப் பீங்கான் போடுங்கள். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் முப்பது பங்குக்குள் நிற்கும். வெப்பத்துக்கு ஏற்ப மதிப்பு அதிகம் மாறும் எக்ஸ்7ஆர் வகையை இந்த இடத்துக்குக் கொண்டுவரவே கூடாது. ஃபெர்ரைட் ஒரு பக்கம் இழுப்பதை, எதிர்ப்பக்கம் இழுக்கும் பாலிஸ்டைரீன் மின்தேக்கியால் ஈடுகட்டுபவர்களும் உண்டு. நான் செய்திருக்கிறேன், ஒரு வாரம் ஹேர் டிரையரும் வெப்பமானியுமாக உட்கார வேண்டியிருந்தது.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். விலகல் மெல்ல நகர்கிறதா, தாவுகிறதா? மெல்ல நகர்ந்தால் வெப்பம். தாவினால் வேறு ஏதோ. ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு முறை எழுதிவையுங்கள். எழுதாமல் கெப்பாசிட்டரைப் பிடுங்கினால், வயிற்று வலிக்குப் பல்லைப் பிடுங்கிய கதைதான்.

---

காட்சிமேசை எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

பெரியவர் சொன்னபடியே செய்தேன். இரண்டு நாள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டும் கையுமாக இருந்தேன். சுருதி அளக்கக் கைப்பேசிச் செயலி ஒன்றே போதுமானதாக இருந்தது. கருவியை முந்தைய மாலையிலிருந்து அணைக்கவில்லை.

முதல் நாள், ஒன்பதரை முதல் பத்து வரை ஒன்றுமே நடக்கவில்லை. மௌனம். பத்து மணிக்கு மேலாளர் வந்ததும் ஏசி போட்டார்கள். அதன் காற்று நேராகக் கருவியின் தலையில் விழுகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பத்தரை மணிக்குள் மெல்லிய உறுமல் எழுந்தது. இது பெரியவர் சொன்ன மெதுவான நகர்வு.

பத்தே முக்காலுக்கு நடந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உறுமிக்கொண்டிருந்த கருவி ஒரே நொடியில் தெளிவான ஒரு சுரத்துக்குத் தாவியது. யாரும் அதை நெருங்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். வாசலில் நிற்கும் காவலர் அண்ணன், வெயில் ஏறியதும் வழக்கம் போலத் தன் மடக்கு இரும்பு நாற்காலியை நிழலுக்கு நகர்த்தியிருந்தார். நிழல் என்பது கருவிக்குப் பின்னால் இருக்கும் பலகைத் தடுப்பின் மறுபக்கம். தடுப்பு கனமான சுவர் போலத் தெரிகிறது. உண்மையில் அரை அங்குல ஒட்டுப்பலகை. நாற்காலிக்கும் சுருதிக் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அடிகூட இல்லை. அவர் உட்கார்ந்ததும் சுரம் இன்னும் ஒருபடி ஏறியது. நான் எழுந்து போய், ‘அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க’ என்றேன். எழுந்தார், சுரம் இறங்கியது. ‘உட்காருங்க’ என்றேன். ஏறியது. நான்கு முறை இப்படிச் செய்த பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதமாகத் தன்னை அறியாமலேயே அவர் தெரமின் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படியானால் சில நாள்களில் குடம் சுருங்கியதற்கும் மறுபக்கம் போனதற்கும் காரணம்? அவர் நிழலில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது குமிழைத் திருகி ஒலியை அடக்கிவிட்டு, பிற்பாடு அவர் எழுந்துபோனால் அதுதானே நடக்கும்? இரண்டாம் நாள் அதையும் கண்ணால் பார்த்தேன். திருகியது ஆசிரியர் ஒருவர். பிள்ளைகளுக்கு விளக்க வந்தவர், சத்தம் பொறுக்காமல் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்.

---

சாலிடர்_புகை எழுதியது:

அருமையான பதிவு. பலகை, கண்ணாடி, செங்கல் எதையும் அந்தப் புலம் பொருட்படுத்தாது. உலோகமும் உடம்பும் எங்கே இருக்கின்றன என்பதுதான் கணக்கு. ஒரு மனித உடலுக்குத் தரையோடு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. அந்த உடல் நாற்காலியில் அமர்ந்ததும் இரும்புச் சட்டமும் அவரும் ஒரே பெரிய தகடாகிவிடுகிறார்கள்.

அதனால் கருவியைச் சுற்றி, பின்பக்கமும் சேர்த்து, ஒரு மீட்டர் வட்டத்தில் நகரக்கூடிய உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. நகராத உலோகம் இருந்துவிட்டுப் போகட்டும். சுருதி சேர்க்கும்போது அதையும் சேர்த்தே சமன் செய்துவிடுகிறோம். தடுப்புக் கயிறு கட்டினால் எஃகுக் கம்பங்கள் வேண்டாம், மரக் கம்பங்கள் போதும். பித்தளைச் சங்கிலி போட்ட ஓரிடத்தைப் பார்த்திருக்கிறேன். யாராவது சங்கிலியில் சாய்ந்தால் கருவி முனகும்.

---

மூன்றாம்_பின் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. உங்கள் ஒலிபெருக்கிக்கு எர்த் இருக்கிறதா? ஈதர்வேவ் தன் அடாப்டர் வழியாக எர்த்தைப் பெறுவதில்லை. ஆடியோ கேபிளின் உறை வழியாக ஒலிபெருக்கியின் எர்த்தைத்தான் நம்பியிருக்கிறது. ஒலிபெருக்கியும் இரண்டு பின் வகையாக இருந்தால் கருவி எதையும் பற்றிக்கொள்ளாமல் மிதக்கும். அப்போது கேபிளை யாராவது மிதித்தாலும் சுருதி ஆடும், வாசிப்பவருக்கு வாசிப்பவர் எல்லையும் மாறும். எங்கள் பள்ளிக் கண்காட்சியில் பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு அரை நாள் அவதிப்பட்டோம்.

---

காட்சிமேசை எழுதியது:

பார்த்தேன். இரண்டு பின்தான்! மூன்று பின் ஒலிபெருக்கியாக மாற்றி, சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொண்டோம். சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது, அதன் பின்னால் கம்பி இல்லை. இப்போது இருக்கிறது. உண்மையில் இந்த ஒரு மாற்றத்துக்கே பெரிய பலன் தெரிகிறது. முன்பு கனமானவர்க்கும் சிறுவர்க்கும் எல்லை ஓரடி வித்தியாசப்படும், இப்போது ஒரு கையகலம்தான்.

---

எட்டுக்கால்_சில்லு எழுதியது:

படிகத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் மனிதர் கையை நம்பாமல் கருவியே தன் சுழியைத் தேடிக்கொள்ளும்படி செய்வதுதான் நிரந்தரத் தீர்வு என்று இன்னும் நினைக்கிறேன். ஓபன் தெரமின் என்ற திறந்தமூலக் கருவி, ஆர்டுயினோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகையை அடிப்படையாகக் கொண்டது. பொத்தானை அழுத்தினால் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும். மூக் நிறுவனத்தின் தெரமினியிலும் அளவு திருத்தும் வசதி உண்டு. கூடவே, சுரத்தை ஓர் அளவுகோலுக்குள் இழுத்து நிறுத்தும் குமிழும் உண்டு. அந்தப் பொத்தானை ஆள் அழுத்துவதற்குப் பதிலாக, ஒரு மணிக்கு ஒருமுறை நிரலே அழுத்தினால் என்ன?

---

சாலிடர்_புகை எழுதியது:

ஒரு மணி அடிக்கும் நேரத்தில் ஒரு சிறுமி கம்பிக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தால்? அவளையும் அறையின் ஒரு பகுதியாக எண்ணிக் கருவி சுழி வைத்துக்கொள்ளும். அவள் போனதும் ஊளை, மறுபக்கச் சுழி, பலகை பொய்யாகும். கடிகாரத்தை வைத்துத் திருத்துவது ஆபத்து. யாருமில்லை என்று உறுதியானால் மட்டும் திருத்த வேண்டும்.

அந்த உறுதியை எப்படிப் பெறுவது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. கூரையில் வைக்கும், உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் உணரி அசைவைத்தான் பார்க்கும். வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நிற்கும் பிள்ளை அதன் கண்ணுக்கு இல்லாதவர். மீயொலித் தொலைவு உணரி ஒன்றைக் கருவிக்குக் கீழே வாசிப்பவரை நோக்கி வையுங்கள். மலிவான வகையே நான்கு மீட்டர் வரை பார்க்கும். அதன் கம்பிகள் அசையாமல் கட்டப்பட்டிருந்தால் சுருதிக்குத் தொந்தரவு இராது. ஒன்றரை மீட்டருக்குள் ஒரு நிமிடம் யாருமில்லை, அந்த நிமிடத்தில் ஒலியின் அதிர்வெண்ணும் ஆடவில்லை என்று இரண்டும் சேர்ந்து சொன்னால் மட்டும் சுழியைத் திருத்தலாம். திருத்தும் அளவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். மெல்ல நகரும் வெப்பம் அந்த வரம்புக்குள் அடங்கும். காவலர் நாற்காலி அடங்காது. அடங்காதபோது கருவி ஒலியை அடக்கிவிட்டு ஒரு சிவப்பு விளக்கை எரிய விடட்டும்.

ஈதர்வேவிலேயே இதைச் செய்ய விரும்பினால், நிலையான அலையியற்றியில் ஒரு வராக்டர் டையோடைச் (மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்தேக்கம் மாறும் பாகம்) சேர்த்து மின்னழுத்தத்தால் நகர்த்தலாம். ஆனால் அந்த மின்னழுத்தத்தின் இரைச்சல் எல்லாம் சுரத்தில் நடுக்கமாக வந்து நிற்கும் என்பதால் நன்றாக வடிகட்ட வேண்டும்.

---

பழைய_வால்வு எழுதியது:

நல்ல யோசனைதான், எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு காட்சிக் கூடத்தில் பாகங்கள் கூடக் கூடப் பழுதாகும் இடங்களும் கூடும். சில்லு நின்றுவிட்டால் யார் வருவார்கள்? இவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

சில்லறைச் செலவில் ஒரு வழி சொல்கிறேன். கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் ஒரு வடிகட்டியை வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். செங்குத்தாக வெட்டும் வகையாக இருக்கட்டும். அப்போது சுழியிலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை விலகினாலும் யார் காதிலும் விழாது. நண்பர் கணக்கிட்ட முறையிலேயே பார்த்தால் அது பத்து லட்சத்தில் 280 பங்கு. ஏசி செய்யும் விலகல் பெரும்பாலும் அதற்குள் மறைந்துவிடும். குளியலறைக் குழாய் சொட்டினால் கீழே வாளி வைப்பது போன்ற வேலைதான், ஆனால் வாளி பெரிய வாளி.

---

தம்புராக்கட்டை எழுதியது:

அப்படியானால் அடிச்சுரங்கள் எல்லாம் போய்விடுமே? தெரமின் கலைஞர் கிளாரா ராக்மோர் வாசித்த பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். தாழ்ந்த இடத்தில் அந்தக் கருவி செல்லோவைப் போல முழங்குகிறது. பிள்ளைகளுக்குக் கேட்கக் கிடைக்காமல் போவதற்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டாமா?

---

பழைய_வால்வு எழுதியது:

அம்மா, அவர் வாசித்தது தெர்மென் அவருக்கென்றே தனியாகச் செய்துகொடுத்த கருவி. வாசித்தவரும் வயலின் பயின்று வந்தவர். அந்த முழக்கம் 80 ஹெர்ட்ஸுக்கு மேலேயே நிறைய இருக்கிறது, கவலை வேண்டாம். இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். மௌனத்திலிருந்து ஒலி மெல்ல முளைக்கும் அந்த முதல் உறுமல் போய்விடும். ஒலி சட்டென்று நடுவிலிருந்து தொடங்கும். எனக்கும் அது வருத்தம்தான். கூடத்துக்கு ஒரு நல்ல வழிகாட்டி வரும் நாளில் வடிகட்டியைத் தாண்டிச் செல்ல ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளட்டும்.

---

காட்சிமேசை எழுதியது (ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து):

கேட்டவர்களுக்காக நிலவரத்தை எழுதுகிறேன்.

கருவி அணைவதே இல்லை. இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறோம். ஏசியின் காற்றுத் தகடுகளை வேறு பக்கம் திருப்பினோம். செலவில்லாத வேலை, பலன் அதிகம். வடிகட்டி வைத்தாயிற்று, தாண்டும் சுவிட்சும் உண்டு. முன்பக்கக் குமிழ்கள் நான்கையும் ஓர் அக்ரிலிக் தகட்டால் மூடி, சுருதிக் குமிழுக்கு நேராக மட்டும் ஒரு விரல் நுழையும் துளை விட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு மூடி. சுருதிக் கம்பி தன் பிடியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் பிடித்து இழுத்ததால் இருக்கலாம்; நட்டை இறுக்கி, கம்பியின் மேல் ஒரு பிவிசி குழாயைச் செருகிவிட்டேன். குழாய்க்கு ஏற்ப ஒரே ஒருமுறை சுருதி திருத்த வேண்டியிருந்தது. தரையில் பாதச்சுவடு வரைந்து ‘இங்கே நில்லுங்கள்’ என்று எழுதியதும் எல்லாருக்கும் எல்லை ஏறத்தாழ ஒரே இடத்தில் வருகிறது.

தானே திருத்திக்கொள்ளும் சில்லு வேலையை இன்னும் தொடங்கவில்லை. தேவை அவ்வளவு அவசரமாக இல்லை என்பதே காரணம், அதற்குக் காரணம் காவலர் அண்ணன். நாற்காலிச் சம்பவத்துக்குப் பிறகு அவருக்குக் கருவியின் மேல் ஓர் உரிமை வந்துவிட்டது. சுருதி சேர்க்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று: மூடியைத் தள்ளு, விரலை விட்டுத் திருகு, சத்தம் இறங்கி அடங்கும், இன்னும் திருகினால் மறுபடி பிறக்கும், இரண்டுக்கும் நடுவில் விடு, கையை எடு, மூன்று எட்டு பின்னால் போய்க் கேள். அவர் ஒரு திருத்தமும் செய்தார். கையை எடுத்ததுமே சுருதி மாறுகிறது என்பதால், திருகிவிட்டுப் பின்னால் போய்க் கேட்டு மறுபடி வருவதற்குப் பதிலாக, தன் மூங்கில் கம்பின் நுனியில் ஒரு ரப்பர் வாஷரைச் சொருகி, அதைத் துளைக்குள் விட்டுத் தள்ளி நின்றபடியே திருகுகிறார். மூங்கில் என்பதால் கருவிக்கு அது தெரிவதேயில்லை. நான் இத்தனை நாள் இதை யோசிக்கவில்லை.

---

சாலிடர்_புகை எழுதியது:

காய்ந்த மூங்கிலாக இருக்கட்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் அதுவும் கொஞ்சம் கடத்தும். நாற்காலி என்ன ஆயிற்று?

---

காட்சிமேசை எழுதியது:

பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொடுத்தோம். முதுகு வலிக்கிறது என்று இரும்பு நாற்காலிக்கே திரும்பிவிட்டார். தடுப்புக்குப் பின்னால் எட்டடி தள்ளி, அதன் நான்கு கால்களுக்கும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். அந்த இடத்தில் அவர் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் சுரம் அசைவதில்லை. அவரே எழுந்து உட்கார்ந்து சோதித்துத்தான் இடத்தைக் குறித்தார்.